அனாமத்து வரவு

முதல் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி.
அதன்கீழே ராகப் பெயர் இல்லை.
ஐந்து கோடுகள் இல்லை, சரிகம இல்லை.
நடுவே ஒரு சிவப்புக் கோடு.
இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் பற்று.

"சத்தம் எல்லாம் கடன்" என்றார் உமையாள்.
"ஊதும்போது வாங்குகிறீர்கள்.
சும்மா இருக்கும்போது அடைக்கிறீர்கள்.
வட்டி உண்டு."

தேவகோட்டை பேண்டு செட்டில்
பதினாறு வருஷம் கிளாரினெட் ஊதியவன் நான்.
மாப்பிள்ளை அழைப்புக்கு எது, பிணத்துக்கு எது,
தெரியும்.
கடனைப் பற்றியும் கொஞ்சம் தெரியும்.
இரண்டையும் ஒரே தாளில் பார்த்ததில்லை.

புதுவயல் அரிசி ஆலையில் ஒத்திகை.
டிரம்முக்கு செபஸ்தியான்.
காரைக்குடியிலிருந்து ஸ்கூட்டரில்
வயலினை முதுகில் கட்டிக்கொண்டு மீனலோசனி.
மில்லின் எடைத்தராசோடு தாவூது:
தட்டில் படிக்கல் வைப்பதும் எடுப்பதும் அவர் வாசிப்பு.

கால அளவெல்லாம் பழைய பின்னத்தில்.
நிமிஷத்தை இருபதாகக் கூறுபோட்டால் மா.
எண்பதாக்கினால் காணி.
முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி.
"முந்திரிக்குள் என்ன ஊத முடியும்?" என்றேன்.
"ஊத நினைக்கலாம்" என்றார்.

ஒரு மா ஊதினால் ஒரு மா மௌனம்,
மேலே ஒரு காணி வட்டி.
"இது கந்துவட்டி ஆச்சி" என்றார் தாவூது.
உமையாள் சிரித்துவிட்டு
வட்டியைக் குறைக்கவில்லை.

எந்த இடத்தில் எது என்று எழுதவே இல்லை.
அவரவர் இஷ்டம், அவரவர் பேரேடு.
நாலு கணக்கும் நேராகிறபோது
உருப்படி முடியும்.
அதுவரை முடியாது.

பங்குனி, சாயங்காலம், நெல் காயும் களம்.
நாற்பது நாற்காலி, பத்தொன்பது பேர்.
மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டைமேலேயே உட்கார்ந்தார்கள்.
அவித்த நெல்லின் வாடை.
செபஸ்தியான் ஆசைக்காரன்,
முதல் ஐந்து நிமிஷத்தில் அத்தனையும் வாங்கிவிட்டான்.
பிறகு குச்சிகளை மடியில் போட்டுக்கொண்டு
வட்டி கட்டிக்கொண்டே இருந்தான்.
மீனலோசனி மூன்றே முறை வில்லைத் தொட்டாள்.
மூன்றாவதற்கு
மூட்டைமேல் இருந்த ஒருவர் எழுந்து நின்றார்,
ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.
அறந்தாங்கி லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி போனது.
அது வேறு ஆள் கணக்கு.

கடைசியில் நாலு பேரும் சும்மா இருந்தோம்.
நீளமாக.
படிக்கல்மேல் கை வைத்தபடி தாவூது
எதையோ கேட்கிற முகத்தோடு.

ஆட்கள் போனபின்
சாக்குமேல் உட்கார்ந்து பதிவை ஓடவிட்டு
உமையாள் ஐந்தொகை போட்டார்.
இடித்தது.
ஒரு காணி.
முக்கால் நொடிதான்.
திரும்ப ஓடவிட்டார். திரும்பவும் இடித்தது.
"யாருடையது?"
செபஸ்தியான் கையை விரித்தான்.
மீனலோசனி ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள்.
பத்தரை மணிக்கு, கோபமே இல்லாமல்,
அடுத்த உருப்படியின் முதல் வரியாக எழுதினார்:
அனாமத்து வரவு, காணி ஒன்று.

என்னுடையது.
அந்த நீண்ட மௌனத்தில்
முந்திரி அளவுக்கு ஊத நினைத்தேன்.
உதட்டில் இருந்த ரீட்
நினைப்பைக் கேட்டுவிட்டது,
நாலு மடங்காக.

சொல்லியிருக்கலாம்.
சொன்னால் அதுவும் ஒரு சத்தம்,
அதற்கும் வட்டி
என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன்.

கடைசி பஸ்.
கண்டக்டர் "எங்கே?" என்றார்.
வாய் திறக்காமல் ரூபாயை நீட்டினேன்.
முகத்தைப் பார்த்து, ரூபாயைப் பார்த்து
அவராகவே கோட்டையூருக்குக் கிழித்துக் கொடுத்தார்.

நான் இறங்க வேண்டியது தேவகோட்டை.
கோட்டையூரில் இறங்கினேன்.